மடியில் கனம்: பயணத்தில் பர்ஸை எங்கே, எப்படி வைப்பது?

பயணத்துக்கு முன் பர்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது “எதை வாங்கலாம்?” என்றுதான். சட்டைக்குள் கட்டும் இடுப்புப் பெல்ட், கழுத்தில் தொங்கும் பை, பிளேடுக்கு அறுபடாத வார் வைத்த தோள்பை, இருக்கும் இடத்தைச் சொல்லும் டேக், கார்டை யாரும் ரகசியமாகப் படிக்க முடியாதபடி தடுக்கும் பர்ஸ் என்று எல்லாமே கிடைக்கின்றன. எல்லாமே ‘பாதுகாப்பு’ என்ற ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஆனால் பர்ஸ் நம்மை விட்டுப் போக இரண்டு வழிகள் உண்டு. யாராவது எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது நாமே எங்காவது விட்டுவிட்டு வரலாம். முதலாவதைத் தடுக்கும் ஏற்பாடு இரண்டாவதையும் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில சமயம் ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றை வரவழைத்துக்கொள்கிறோம். திருடனுக்குத் தெரியக்கூடாது என்று தினம் ஒரு புது இடத்தில் பணத்தை ஒளிப்பவர், கடைசியில் தானே அது எங்கே என்று தெரியாமல் பையைக் கவிழ்த்துத் தேடுவார்.

ஆகவே ஒவ்வொரு வழியைப் பற்றியும் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். அடுத்தவர் கை உள்ளே போவது எவ்வளவு கடினம்? நம்முடைய மறதியை அது தாங்குமா? அப்படியும் போய்விட்டால், அதோடு சேர்ந்து எவ்வளவு போகும்? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எடுப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள்

கை தேர்ந்த ஜேப்படித் திருடர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவர் நமக்கு முன்னால் சட்டென்று நிற்பார், எஸ்கலேட்டரின் முடிவிலோ ரயில் வாசலிலோ. பின்னால் வருகிறவர் நம்மீது மோதுவார், அந்த ஒரு நொடியில் எடுப்பார். எடுத்த பர்ஸ் உடனே மூன்றாவது ஆளின் கைக்குப் போய்விடும். நாம் எடுத்தவரையே கையும் களவுமாகப் பிடித்தாலும் அவரிடம் பர்ஸ் இருக்காது. சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று துடைத்துவிட வருபவர், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், வரைபடத்தை விரித்து வழி கேட்பவர் எல்லாரும் செய்வது ஒரே வேலைதான்: நம் கவனத்தை ஒரு பக்கம் நிறுத்துவது, நீட்டிய அட்டைக்கும் வரைபடத்துக்கும் கீழே கையை மறைப்பது. ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்ற பலகையும் அவர்களுக்கு உதவி செய்வதுண்டு. அதைப் படித்ததும் பலருடைய கை தன்னையறியாமல் பர்ஸ் இருக்கும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது போதும்.

“நான் எப்போதும் உஷாராகத்தான் இருப்பேன்” என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். ஆனால் உஷார் மட்டும் போதாது. அமெரிக்க மேடைக் கலைஞர் அப்பல்லோ ராபின்ஸ் 2001-இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மெய்க்காவலர்களுடைய பாக்கெட்டுகளிலிருந்தே பொருள்களை எடுத்துக் காட்டியவர். கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். அவரோடு சேர்ந்து நரம்பியல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கை நேர்கோட்டில் போவதைவிட வளைந்து போகும்போது பார்ப்பவரின் பார்வை அதோடு ஒட்டிக்கொண்டே போகிறது என்று காட்டியது. நேர்கோடாக இருந்தால் கண் தாவித் தாவிப் பார்க்கும், கிளம்பிய இடத்துக்கும் திரும்பிவரும். நம் கவனத்தின் இயல்பே அப்படி இருக்கும்போது, நாம் கவனிக்காத நொடியிலும் வேலை செய்யும் தடை ஒன்று வேண்டும்.

இது சில்லறைத் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள், பார்வையாளர்களிடமும் தங்களிடமும் கைவரிசை காட்டும் கும்பல்களைப் பொறுக்க முடியாமல் வேலையை நிறுத்தினார்கள். உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகம் அதனால் ஒரு நாள் திறக்கவேயில்லை.

பாக்கெட்டா, தோள்பையா?

பேன்ட்டின் பின்பாக்கெட்டைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. பயணத்தில் அதில் பர்ஸ் வேண்டாம். பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, கூட்டத்தில் அங்கே ஏதாவது பட்டாலும் வித்தியாசமாகத் தோன்றாது.

முன்பாக்கெட் எவ்வளவோ மேல். கை அருகிலேயே இருக்கும், தொடையில் பர்ஸின் அழுத்தம் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் முன்பாக்கெட்டில் வைத்தாலே போதும் என்பது பாதி உண்மைதான். தளர்வான, ஆழமில்லாத பாக்கெட் என்றால் இரண்டு விரல் நுழைய அதிக நேரம் ஆகாது. அதைவிட, காரிலோ தாழ்வான சோபாவிலோ உட்காரும்போது பர்ஸ் தானாகவே நழுவி இருக்கையின் இடுக்கில் விழும். திருட்டுக்குப் பயந்து முன்பக்கம் மாற்றியவர்கள் இப்படித் தொலைத்துவிட்டு வருவதுண்டு. இதற்கு என்னுடைய பதில் ஜிப். வெளியே தெரியும் அலங்கார ஜிப்பைச் சொல்லவில்லை, முன்பாக்கெட்டின் வாயையே முழுக்க மூடும் ஜிப். அதைத் திறக்க நேரம் ஆகும், துணி இழுபடுவது தெரியும். உட்கார்ந்தாலும் ஓடினாலும் உள்ளே இருப்பது விழாது. திருட்டு, தொலைப்பு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயன்படும் ஏற்பாடுகள் மிகக் குறைவு. அவற்றில் இதுதான் மலிவானது. ஏற்கெனவே உள்ள பேன்ட்டுக்கும் தையல்காரரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் பர்ஸைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் பேண்ட் போடுங்கள். துணியில் உரசிப் பிடிக்கும், வழுக்கிக்கொண்டு வெளியே வராது.

கோட்டின் உள்பாக்கெட், கோட் உடம்பில் இருக்கும்வரை நல்ல இடம். வெப்பம் என்று கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிய நிமிடமே அது மோசமான இடமாகிவிடும்.

பெண்களின் ஆடைகளில் பாக்கெட் இருப்பதே அரிது, இருந்தாலும் கார்டு நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே பலருக்குப் பை தவிர வேறு வழியில்லை. அப்படியென்றால் ஒரு தோளில் தொங்குவது வேண்டாம், உடம்புக்குக் குறுக்காகப் போடும் சிறிய பை நல்லது. பை முன்பக்கம் இருக்க வேண்டும், ஜிப்பின் பிடி உங்கள் கையை நோக்கி இருக்க வேண்டும். உருக்குக் கம்பி கோத்த வார், வெட்டுப்படாத துணி என்றெல்லாம் விற்கிறார்கள். ஏமாற்று வேலை இல்லை, உண்மையிலேயே தாங்கும். ஆனால் மூடாத பையும் தானாகத் திறந்துகொள்ளும் காந்தப் பொத்தானும் இருக்கும்போது யாரும் பிளேடைத் தேட வேண்டியதில்லை. முதலில் ஜிப்பைப் பூட்டும் சின்னக் கொக்கி, அப்புறம்தான் கம்பி வார்.

பையின் பெரிய பலவீனம் வேறு. அதைக் கழற்றி வைக்கிறோம். சாப்பிடும்போது நாற்காலியில், கழிவறையில் கதவுக் கொக்கியில், படம் எடுக்கும்போது சுவரோரம். திருடனுக்கும் மறதிக்கும் அதே நேரத்தில் வாய்ப்பு கொடுக்கிறோம். கீழே வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரைக் காலிலோ நாற்காலியின் காலிலோ ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். எழுந்து போகும்போது கால் தடுக்கும், அதுவே ஞாபகப்படுத்தும்.

துணிக்குள் மறைப்பது

இடுப்பில் கட்டும் மெல்லிய பெல்ட், கழுத்தில் தொங்கும் பை இரண்டும் சட்டைக்குள் போவதால் ஜேப்படிக்காரர்களுக்கு எதிராக இவற்றைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: வெளியே திறக்கவே கூடாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். டிக்கெட் கவுன்டரில் நின்று சட்டையைத் தூக்கி ஒரு தாளை உருவினால், எங்கே எவ்வளவு இருக்கிறது என்று வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அன்றாடச் செலவுக்கான பர்ஸாக இதைப் பயன்படுத்தவே கூடாது. பாஸ்போர்ட், இருப்புப் பணம், இரண்டாவது கார்டு, இவ்வளவுதான் இதற்குள் போக வேண்டும். எடுக்க வேண்டியிருந்தால் பூட்டிய கதவுக்குப் பின்னால் எடுங்கள்.

இரண்டில் எது? நான் இடுப்புப் பெல்ட்டின் பக்கம். கழுத்துப் பையின் கயிறு காலருக்கு வெளியே தெரியும், குனியும்போது பை வெளியே ஊசலாடும். தூங்கும்போது கழுத்தை உறுத்துகிறது என்று கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார்கள், காலையில் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். பாஸ்போர்ட் 125-க்கு 88 மில்லிமீட்டர். இடுப்பின் முன்பக்கத்தில் படுக்கவாட்டில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. வியர்வைதான் தொல்லை, ஆகவே உள்ளே இருப்பதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கும் இறுக்கமான எதையும் இடுப்பில் தாங்க முடியாதவர்களுக்கும் கழுத்துப் பையே சரி.

விமான நிலையச் சோதனையில் உடல் ஸ்கேனர் இதைக் காட்டிவிடும், கழற்றச் சொல்வார்கள். அங்கே போய் அவசரத்தில் தட்டில் தனியாகப் போட வேண்டாம். வரிசையில் சேரும் முன்பே பர்ஸ், பெல்ட், போன் எல்லாவற்றையும் கைப்பையின் ஜிப் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். திறந்த தட்டில் சிதறிக் கிடப்பதில் ஏதோ ஒன்று பின்தங்கிவிடும்.

பர்ஸைப் பேன்ட்டின் வளையத்தோடு இணைக்கும் சுருள் கயிறு பார்க்கக் கொஞ்சம் பழைய பாணிதான். ஆனாலும் மறதி அதிகம் உள்ளவர்களுக்கு இதைவிட நம்பகமான கருவியை நான் பார்த்ததில்லை. மேசையில் பர்ஸை வைத்துவிட்டு எழுந்தால் அதுவும் கூடவே வரும். பாட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

டேக்: தொலைப்பவர்களுக்கு நல்லது, திருட்டைத் தடுக்காது

ஆப்பிளின் ஏர்டேக் 2021-இல் வந்தது. அந்த முதல் வடிவம் 31.9 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் தடிமன். ஒரு கார்டின் தடிமனோ 0.76 மில்லிமீட்டர்தான். ஆகவே மெல்லிய பர்ஸில் ஏர்டேக் துருத்திக்கொண்டு நிற்கும். கார்டு வடிவத்தில் வரும் மெல்லிய டேக்குகள்தான் பர்ஸுக்குப் பொருத்தம். பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் போன்கள் மூலம் டேக்கைக் கண்டுபிடிக்கும் இதே மாதிரியான வலைப்பின்னலை ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகுள் 2024-இல் தொடங்கியது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்றும் தெரியும். டேக்குக்குள் ஜிபிஎஸ் கிடையாது. அது ப்ளூடூத் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து உங்களுக்கு அனுப்பும். நெரிசலான நகரத்தில் இது அருமையாக நடக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத மலைப்பாதையில் கடைசியாக யாரோ கடந்துபோன நேரத்தின் தகவல்தான் கிடைக்கும். அப்புறம், யாரையும் ரகசியமாகப் பின்தொடர இதைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக, தெரியாத டேக் ஒன்று கூடவே வந்தால் அந்த ஆளின் போனுக்கு எச்சரிக்கை போகும். அந்த ஏற்பாடு சரியானதுதான். ஆனால் பர்ஸை எடுத்தவருக்கும் அதே எச்சரிக்கை போகும்.

பணத்தை எடுத்துக்கொண்டு பர்ஸைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டுப் போகும் திருடர்கள் நிறைய. அப்போது டேக் இருந்தால் அடையாள அட்டைகளாவது திரும்பக் கிடைக்கலாம். வரைபடத்தில் ஏதோ ஒரு வீட்டைக் காட்டினால் அங்கே தனியாகப் போகவே போகாதீர்கள், போலீஸிடம் திரையைக் காட்டுங்கள். டேக்கின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பர்ஸை விட்டுவிட்டு நகர்ந்தால், போன் “விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்” என்று சொல்லும். தொலைப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அந்த ஒரு அறிவிப்புக்காகவே டேக் வாங்கலாம். கிளம்பும் முன் அந்த அறிவிப்பு இயங்குகிறதா, பாட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வீணாகும் இடம்

கார்டின் சிப்பை ரேடியோ அலை வழியாகப் படிக்க விடாமல் தடுக்கும் ஆர்எஃப்ஐடி தடுப்பு பர்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கூட்டத்தில் யாரோ ஒரு கருவியோடு உங்கள் பக்கத்தில் நடந்து கார்டை வழித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம் காட்டித்தான் இதை விற்கிறார்கள். தொட்டுப் பணம் செலுத்தும் கார்டுகள் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் பேசும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அந்தச் சிப் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குகிறது, ஒருமுறை பயன்பட்டது மறுபடி செல்லாது. கார்டின் பின்புறம் அச்சிட்ட மூன்று இலக்க எண் அந்த வழியாக வெளியே போவதே இல்லை. இரண்டு மூன்று கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தாலே வாசிக்கும் கருவி குழம்பும். பாஸ்போர்ட்டின் சிப்பும் மூடியிருக்கும்போது சும்மா திறந்துகொள்ளாது. அதைப் படிக்க, உள்ளே அச்சிட்டிருக்கும் வரிகளிலிருந்து வரும் சாவி வேண்டும். பிடித்த பர்ஸில் அந்தத் தடுப்பு ஏற்கெனவே இருந்தால் நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கென்று செலவழிக்கும் பணத்தை ஒரு ஜிப்புக்குச் செலவழியுங்கள்.

கொஞ்சம் பணம் போட்ட போலி பர்ஸ் இன்னொன்று. மிரட்டிப் பறிப்பவரிடம் எறிந்துவிட்டு ஓட அது உதவும். ஜேப்படிக்கு உதவாது. அதையும் எடுத்துவிட்டு இதையும் தேடுவார்கள், நீங்கள் கவனிக்க வேண்டிய பர்ஸ் இரண்டாகிவிடும்.

எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டால்?

இந்த யோசனைக்கு நியாயம் இருக்கிறது. போனில் கார்டைச் சேர்க்கும்போது உண்மையான கார்டு எண் கடைக்குப் போவதில்லை, அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்தான் போகிறது. முகமோ விரலோ கடவு எண்ணோ இல்லாமல் பெரும்பாலும் பணம் நகராது. பர்ஸில் இருக்கும் கார்டைவிடப் போனில் இருக்கும் கார்டு பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இன்று கூட்டத்தில் திருடர்கள் தேடும் பொருளே போன்தான். நீங்கள் திரையில் கடவு எண் அடிப்பதைப் பின்னாலிருந்து பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு போனை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் கிடைத்தால் போனோடு வங்கிக் கணக்கும் போகும். இந்த வகைத் திருட்டுக்குப் பதிலாகத்தான் ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 17.3-இல் திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு என்ற வசதியைக் கொண்டுவந்தது. வழக்கமான இடங்களுக்கு வெளியே இருக்கும்போது முக்கியமான மாற்றங்களுக்குக் கடவு எண் மட்டும் போதாது, முகமோ விரலோ வேண்டும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. இவற்றை இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். போன் உறையின் பின்னால் கார்டுகளைச் செருகிவைக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே இழுப்பில் போன், கார்டு இரண்டும் போய்விடும். கார்டை முடக்கக் கையில் கருவியும் இருக்காது.

நான் எப்படிப் பிரிப்பேன்

மேலே பார்த்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். ஒரு நாளில் பத்து முறை எடுப்பதையும், தொலைந்தால் பயணமே நின்றுபோகும் என்பதையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. சிறிய, மெல்லிய பர்ஸில் அன்றைய செலவுக்கான பணமும் ஒரு கார்டும் வைத்து ஜிப் போட்ட முன்பாக்கெட்டிலோ குறுக்குப் பையிலோ வைக்கலாம். பாஸ்போர்ட், வேறு வங்கியின் இரண்டாவது கார்டு, இருப்புப் பணம் இடுப்புப் பெல்ட்டில். அறையில் நல்ல பெட்டகம் இருந்தால் வெளியே போகும்போது பெல்ட்டே அங்கே இருக்கலாம், பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்கச் சொல்லும் நாடாக இல்லாவிட்டால். பெட்டகத்தில் வைத்ததை மறந்துவிட்டுக் கிளம்புபவர்கள் ஒரு செருப்பையோ ஷூவையோ சேர்த்து உள்ளே வைக்கலாம். அது இல்லாமல் யாரும் ஊர் திரும்ப மாட்டார்கள்.

யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்து எதில் அதிகக் கவனம் என்பது மாறும். குழந்தைகளோடு போகும்போது கைகள் எப்போதும் வேலையாக இருக்கும், பைகள் கழற்றி மாட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே திருட்டைவிட மறதியே பெரிய ஆபத்து, டேக்கும் சுருள் கயிறும் அதிகம் உதவும். வயதான பெற்றோருக்குப் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டுப் பழகச் சொல்வதைவிட, அவர்கள் வழக்கமாக வைக்கும் இடத்துக்கே ஒரு ஜிப் தைத்துக் கொடுப்பது நல்லது. இரவு ரயிலிலும் பேருந்திலும் தூங்குபவர்களுக்கு உடம்போடு ஒட்டிய பெல்ட் தவிர வேறெதுவும் வேண்டாம். கடற்கரையில் குளிக்கப் போகிறவர்கள் வேறு வழியின்றி நீர்புகாத சிறு உறையில் கொஞ்சம் பணத்தோடு போக வேண்டியதுதான், மற்றதை அறையிலேயே விட்டுவிட வேண்டும்.

பர்ஸுக்குள் ஒரு சின்னச் சீட்டில் உங்கள் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் எழுதி வையுங்கள். 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வுக்காக 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸுகளைத் தொலைந்தவைபோலப் பொது இடங்களில் ஒப்படைத்துப் பார்த்தார்கள். உள்ளே உரிமையாளரின் மின்னஞ்சல் இருந்தது. பணம் இல்லாத பர்ஸுகளில் சுமார் 40 சதவீதத்துக்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் அது 51 சதவீதம். பணம் இருந்தால் குறையும் என்றுதான் நாம் நினைப்போம், கூடியது. கண்டெடுப்பவர்களில் இத்தனை பேர் திருப்பிக் கொடுக்க விரும்புகிறார்கள் என்றால், யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் விடுதி அறையின் எண்ணையும் சாவிக் கார்டையும் மட்டும் பர்ஸில் சேர்த்து வைக்காதீர்கள்.

போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் கார்டை முடக்குங்கள், புகார் அதற்குப் பிறகு. வங்கியின் அவசர எண் போனில் மட்டும் இல்லாமல் ஒரு காகிதத்திலும், உடன் வருபவரிடமும் இருக்க வேண்டும். பிறகு போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யுங்கள், பயணக் காப்பீட்டில் பணம் கேட்க அந்த நகல் வேண்டும். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் மட்டும் புகாருக்கு முன் பையின் ஒவ்வொரு அறையையும், கழற்றிய துணிகளையும், படுக்கையின் அடியையும் நிதானமாகத் தேடிவிடுங்கள். தொலைந்த பாஸ்போர்ட்டுகளுக்கென்று சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல் 2002 முதல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. உங்கள் எண் அதில் ஏறிவிட்டால், மறுநாள் அதே பாஸ்போர்ட் சட்டைப் பையிலேயே கிடைத்தாலும் அதைக் காட்டி எல்லை தாண்ட முடியாது. தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் வாங்கித்தான் திரும்ப வேண்டியிருக்கும்.